தினந்தோறும் சொன்ன வாக்கியம்

பல நாள்களாக வறண்டு கிடந்த கீழ்த்தெருவுக்கு அன்று விடியலில்தான் தண்ணீர் வந்தது.

நடைபாதை போடுவதற்காகத் தோண்டிய பள்ளத்தில் குடிநீர்க் குழாய் உடைந்ததையும், சாக்கடை அதே பள்ளத்தில் வந்து தேங்கியதையும், உடைந்த இடத்தைச் சேற்றுக்குள்ளேயே வைத்து ஒட்டியதையும் சென்ற வாரம் கண்டோம். ஒட்டியாயிற்று. மூடியாயிற்று. மேலே பளபளவென்று கல்லும் பதித்தாயிற்று. மண்ணுக்கு மேலே தெரிவதுதான் நகராட்சியின் கண்ணுக்குப் படும். மண்ணுக்குக் கீழே ஓடுவது மக்களின் வயிற்றுக்குத்தான் தெரியும்.

அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்ட மனிதர் வீடு திரும்பிச் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தார். காலைக்கூடக் கழுவவில்லை. வால்வு திறக்கும் நீண்ட இரும்புச் சாவி சுவரில் சாயாமல் தரையில் கிடந்தது. அதை அவர் தரையில் போட்டு அவருடைய மனைவி ஒருநாளும் பார்த்ததில்லை.

மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவள் அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"என்னங்க, ஏன் அப்படி உக்காந்திருக்கீங்க?"

"கையை மோந்து பாரு."

அவள் குனிந்து முகர்ந்தாள். முதலில் சோப்பு மணம். அதற்கு அடியில் வேறொன்று.

"மூணு தரம் கழுவிட்டேன். போகலை."

"எதுல கையை விட்டீங்க?"

"எதுலயும் விடலை. கீழ்த்தெருக் குழாய்ல ஒரு கை பிடிச்சுப் பாத்தேன். அவ்வளவுதான்."

ஒட்டு வேலை முடிந்த குழாயைத் தெருவின் கடைசி முனையில் திறந்துவிட்டு, கலங்கல் எல்லாம் சாக்கடையில் வடிந்து தெளிந்த பிறகே வீடுகளுக்கு விட வேண்டும் என்பது வால்வு வேலையின் அரிச்சுவடி. அவரோடு குடும்பம் நடத்தியதில் அவளுக்கும் அது பாடம்.

"வடியவிட்டீங்களா, இல்லையா?"

"வடியவிட நேரம் இல்லைன்னு உன் தம்பி சொன்னான். நகராட்சித் தலைவர் நடைபாதையைத் திறக்க வர்றதுக்குள்ள எல்லா வீட்டுலயும் தண்ணி இருக்கணுமாம். குடத்தோட ஒருத்தரும் ரோட்டுல நிக்கக் கூடாதாம்."

"வாடை வந்ததும் மூடிட்டீங்கல்ல?"

"மூடிட்டேன். மூடி என்ன ஆகப்போவுது? காஞ்சு கிடந்த ஜனம். குடம், வாளி, குளிக்கிற தொட்டி வரைக்கும் பிடிச்சு வெச்சிருக்கும். தண்ணி இப்போ குழாய்ல இல்லை. வீட்டுக்குள்ள போயிருச்சு."

சொல்லிவிட்டு அவர் மறுபடியும் தம் கையை முகர்ந்தார்.

பேச்சு முடிவதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவளுடைய தம்பி. நகராட்சியில் குடிநீர்ப் பிரிவின் மேற்பார்வையாளர். தாயும் தகப்பனும் போன பிறகு அவளே சோறூட்டி, அவளே சட்டை தைத்துப் போட்டு ஆளாக்கிய பிள்ளை. இன்று விழாவுக்கென்று புதுச் சட்டை அணிந்திருந்தான். அந்தச் சட்டையின் முதுகு முழுவதும் வேர்வையில் நனைந்திருந்தது.

"மாமா, யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"இன்னும் இல்லை, மாப்ளே. இப்போ கிளம்பறேன். வீடு வீடாப் போய்த் தட்டி, கொட்டச் சொல்லிடறேன்."

"உக்காருங்க. நீங்க போய்த் தட்டினா முதல் கேள்வி என்ன வரும்? திறந்தது யாருன்னு வரும். யார் சொல்லித் திறந்தீங்கன்னு அடுத்த கேள்வி. எழுத்துல உத்தரவு இருக்கா உங்ககிட்ட?"

"நீதானே போன்ல சொன்னே."

"அதைத்தான் நானும் சொல்றேன். எழுத்துல இல்லை."

சமையலறையில் குழாய் சொட்டும் ஓசை கேட்டது. அது மேல்தெருக் குழாய். அந்த வீட்டுக்கு வேறு பாதையில் நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"தம்பி, நீ உன் மாமாவை மிரட்டறியா, யோசனை சொல்றியா?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டும் இல்லைக்கா. பயப்படறேன். பக்கத்து ஊர்ல இப்படித்தான் ஆச்சு. போலீஸ்ல யாரைப் பிடிச்சுட்டுப் போனாங்க? ஆபீஸர் வீட்டுலயே இருந்தார். வால்வு திறந்தவன் இன்னும் வீடு திரும்பலை."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தம் மணிக்கட்டைத் தாமே பிடித்துக்கொண்டிருந்தார். தாம் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"அப்போ ஜனங்க அதைக் குடிக்கட்டும்கிறியா?"

"நான் அப்படிச் சொல்வேனா? சொல்லணும். எல்லாருக்கும் சொல்லணும். ஆனா ஊரைக் கூட்டாம சொல்லணும். காய்ச்சிக் குடிங்கன்னு உன் பதிவுலயே இருக்கில்லைக்கா? அதையே போடு. அதை மட்டும் போடு. தெரு முனையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் நிறுத்தாம ஓடட்டும். எல்லாரும் காய்ச்சிருவாங்க. நாளைக்கு யாராவது கேட்டாலும், காலையிலேயே வண்டி விட்டுச் சொன்னோம்னு தைரியமாச் சொல்லலாம்."

இந்த இடத்தில் அவளுடைய வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நகராட்சியின் அறிவிப்பு வண்டி அவள் பொறுப்பு. கூரையில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கி, உள்ளே ஒரு மைக், ஒரு பென்டிரைவ். வரி கட்டக் கடைசி நாள், நாய்களுக்குத் தடுப்பூசி, மின்தடை, குப்பையைப் பிரித்துப் போடுதல், காணாமற்போன சைக்கிள் என்று ஊரின் சேதி அனைத்தும் அவள் குரலில்தான் ஊருக்குள் வரும். எந்தச் சேதியானாலும் அதன் வாலில் ஒரு மணியோசையும் ஒரு வாக்கியமும் ஒட்டிக்கொண்டிருக்கும்: "குடிநீரைக் காய்ச்சிப் பருகுவீர், நகராட்சியுடன் ஒத்துழைப்பீர்." எந்த அதிகாரியின் கட்டளையோ, யாருக்கும் நினைவில்லை. அதிகாரி மாறினார், வாக்கியம் மாறவில்லை. ஊர் அவளுக்குக் காய்ச்சி அக்கா என்றே பெயர் வைத்துவிட்டது.

"சரி" என்றாள் அவள்.

ஏன் சரி என்றாள்? அவள் கெட்டவளா? இல்லை. அச்சம் அவள் வீட்டுச் சமையலறையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு அவள் கணவரின் முகம் இருந்தது. ஊரைக் காக்க ஒரு வழி, கணவரைக் காக்க ஒரு வழி என்று இரண்டு இருந்திருந்தால் அவள் தடுமாறியிருப்பாள். இரண்டையும் ஒரே வழியில் முடிக்கலாம் என்று தம்பி சொன்னான். பயந்தவர்களுக்கு அப்படிப்பட்ட பேச்சு தேனாக இனிக்கும்.

"நீங்க வெளியே வராதீங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

கீழ்த்தெருவின் தலைப்பில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள். புதிய கற்களை இரண்டு பேர் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பென்டிரைவைச் செருகினாள். மணியோசை எழுந்தது. அவளுடைய சொந்தக் குரலே, பத்து வயது இளையதாய், தேன் தடவியதாய், தெருவுக்குள் பாய்ந்தது.

"குடிநீரைக் காய்ச்சிப் பருகுவீர்..."

வண்டி ஊர்ந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

முதல் வீட்டில் ஒரு பெண் வாசலிலேயே குடத்தைச் சாய்த்துச் சொம்பில் ஊற்றி அண்ணாந்து குடித்தாள். அடுத்த வீட்டில் கிழவர் ஒருவருக்கு மருமகள் மாத்திரையும் தம்ளரும் நீட்டினாள். தையற்கடையில், சைக்கிள் கடையில், மாடிப்படியில் என்று எங்கு பார்த்தாலும் தண்ணீர். பல நாள் தாகம் தீர்ந்த மகிழ்ச்சியில் தெருவே குடித்துக்கொண்டிருந்தது. அவள் குரல் அந்தத் தெருவின் மேலே, காகம் கரைவதுபோல, வண்டி போவதுபோல, இருந்தும் இல்லாததாய்ப் போய்க்கொண்டிருந்தது.

முடிதிருத்துபவர் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு கையில் கத்தரிக்கோல், மறுகையில் பாட்டில்.

"என்ன காய்ச்சி அக்கா, இன்னிக்குத் தலையே இல்லை, வால் மட்டும் வருது? சேதி ஒண்ணும் இல்லையா?"

"அதுதான் சேதி."

"எது?"

"காய்ச்சிக் குடிக்கிறது."

அவர் சிரித்தார். "அது எப்போ சேதி ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் பாட்டிலை வாயில் வைத்தார்.

அண்ணே, அதைக் கொட்டுங்க என்று சொல்ல அவள் வாய் திறந்தது. கணவரின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. வாய் மூடிக்கொண்டது. அவர் தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்த்துக்கொண்டே நின்றதற்காகத் தன்மேல் அவளுக்கு அருவருப்பு உண்டாயிற்று. ஆனாலும் வண்டியை நகர்த்தினாள்.

எச்சரிக்கை என்பது என்ன? கேட்டவன் திடுக்கிட்டு நிற்க வேண்டும். அதற்குப் பெயர் எச்சரிக்கை. சொன்னவன் தப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படுவது எச்சரிக்கை அன்று; அது சாட்சியம். தம்பி அவளிடம் கேட்டது சாட்சியம். அவள் தெருத்தெருவாய் ஒலிபரப்பிக்கொண்டிருந்ததும் அதுவே. இதை அவள் நெஞ்சு உணரத் தொடங்கிய நேரத்தில் வண்டி பள்ளிக்கூடத்தை நெருங்கியிருந்தது.

இடைவேளை. வேலிக்கு அப்பால் மைதானம் முழுவதும் பிள்ளைகள். நீர்த்தொட்டியின் குழாய்களைச் சுற்றி ஒரே நெரிசல். ஓடி விளையாடிச் சிவந்த முகங்கள் ஒவ்வொன்றாய்க் குழாய்க்கு அடியில் குனிந்தன.

தொட்டிக்கு எந்தத் தெருத் தண்ணீர் என்று அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. அவள் மகள் என்றும் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டு போகிறவள். காலையில் யார் நிரப்பிக் கொடுத்தது?

அவள் கை ஸ்டியரிங்கில் உறைந்தது. யாரும் நிரப்பவில்லை. விடியலில் போன கணவர் நேரத்துக்குத் திரும்பவில்லையே என்ற கவலையில் தலையை வாரிவிட்டாள், பையை மாட்டிவிட்டாள், தெருமுனைவரை இழுத்துக்கொண்டு ஓடினாள். பாட்டில் அடுப்பு மேடையில் காலியாக நின்றது இப்போதுதான் மனக்கண்ணில் தெரிந்தது.

வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஓடினாள். பதிவு பின்னால் பாடிக்கொண்டே இருந்தது. வாயிலில் இருந்த காவலாளி, "என்னம்மா, பாட்டைப் போட்டுட்டு நீ இங்கே ஓடறே?" என்றார். அவள் அவரை இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மகள் குழாயடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். மோவாயில் நீர் சொட்டியது. சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"குடிச்சியா?"

"என்னம்மா?"

"தண்ணி. இந்தக் குழாய்ல குடிச்சியா?"

"ஆமா. நீதான் பாட்டில் வெக்கலையே."

"எவ்வளவு?"

"நிறைய. பிரேயர் முடிஞ்சு ஒரு தடவை, இப்போ ஒரு தடவை. ஏன், திட்டுவியா?"

அவள் மண்டியிட்டு மகளின் தோள்களைப் பிடித்தாள். "நான் வண்டியில சொல்லிட்டே வந்தேனே, கண்ணு. உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா" என்றாள் மகள். அந்த முகத்தில் ஒளிவுமறைவு இல்லை. "நீ தினமும்தானே சொல்றே."

அவள் எழுந்தாள். மகளின் கையைப் பற்றினாள். நீர்த்தொட்டியை நோக்கிக் கத்தினாள். நெரிசலின் கூச்சலில் அது எடுபடவில்லை. காவலாளியிடம், "அண்ணே, குழாயை மூடுங்க. பிள்ளைங்களை விலக்குங்க. அந்தத் தண்ணில சாக்கடை கலந்திருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டிருந்த அவர் முகம் வெளுத்தது. அவர் விசிலை ஊதிக்கொண்டு ஓடினார்.

அன்று காலை முதன்முதலாக ஒரு மனிதர் அவள் சொன்னதைக் கேட்டார்.

வண்டிக்குள் மகளை அருகில் உட்காரவைத்துப் பென்டிரைவைப் பிடுங்கினாள். பாட்டு அறுந்தது. அந்த மௌனத்துக்குத் தெருவில் இரண்டொரு தலைகள் திரும்பின. மைக்கை எடுத்தாள். அலுவலகம் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பழகிய வாய்க்குச் சொந்தமாக ஒரு சொல் வர நேரமாயிற்று.

"கீழ்த்தெரு ஜனங்களே. இது பதிவு இல்லை. நான்தான் பேசறேன்."

நடுங்கிய குரல் கூம்பு வழியே இரு மடங்காய் நடுங்கி வெளியே போயிற்று.

"காலையில வந்த தண்ணியைக் குடிக்காதீங்க. அதுல சாக்கடை கலந்திருக்கு. காய்ச்சியும் குடிக்காதீங்க. குடத்துல இருக்கிறதைக் கொட்டுங்க. தொட்டியில இருக்கிறதைக் கொட்டுங்க. யாராவது குடிச்சிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க. வயசானவங்களைக் கூட்டிட்டுப் போங்க. வாந்தி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க."

தையல் இயந்திரம் நின்றது. மாடியில் ஒரு கதவு திறந்தது. காய்ச்சியும் குடிக்காதே என்று காய்ச்சி அக்காவே சொல்கிறாள் என்றால்? முடிதிருத்துபவர் பாட்டிலோடு தெருவுக்கே வந்துவிட்டார். கழுத்தில் துணி கட்டிய வாடிக்கையாளரும் அரைத் தலையோடு பின்னால் வந்தார்.

"என்னம்மா சொல்றே? கொஞ்சம் முன்னாடி நான் உன் எதிர்லதானே குடிச்சேன்?"

"ஆமாண்ணே. தெரிஞ்சே பாத்துட்டு நின்னேன். மன்னிச்சுக்கோங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அவர் கை தானாகப் பாட்டிலைக் கவிழ்த்தது. எங்கோ ஒரு குடம் உருண்டது. வீட்டுக்கு வீடு தண்ணீர் கொட்டும் ஓசை எழுந்தது. பளபளத்த புதிய கற்களின் மேல் அந்தத் தண்ணீர் ஓடி வந்து, ரிப்பன் கட்டியிருந்த கம்பத்தின் காலை நனைத்தது. அதன் வாடை இப்போது எல்லோருக்கும் கிடைத்தது.

கூட்டம் வண்டியைச் சூழ்ந்தது.

"யார் திறந்து விட்டது?"

"ஒட்டின குழாயை வடியவிடாம எவன் திறந்தான்?"

"உனக்கு எப்படித் தெரியும்? யாருன்னு சொல்லு."

தெருவின் தலைப்பிலிருந்து தம்பி ஓடி வந்தான். புதுச் சட்டை சேறாகியிருந்தது. கூட்டத்தைப் பிளந்து வண்டியின் பின்பக்கம் போய், ஒலிபெருக்கிக்குப் போகும் மின்கம்பியைப் பற்றினான். இழுத்தால் போதும், குரல் போய்விடும்.

"அக்கா, மைக்கை வை. போதும். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டே. இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

"கேக்கிறாங்கடா."

"கேக்கட்டும். விசாரிச்சுச் சொல்றோம்னு சொல்லு."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். தம்ளர் நீட்டிய மருமகள் அங்கே நின்றாள்; கிழவரைக் காணவில்லை. சொம்பில் குடித்த பெண் வயிற்றில் கை வைத்திருந்தாள். வலிக்கிறதோ, வலிக்குமோ என்ற அச்சமோ.

மைக் அவள் வாயருகே இருந்தது.

"திறந்தது என் வீட்டுக்காரர்."

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. பிறகு ஒரே இரைச்சல். யாரோ வண்டியின் மேல் ஓங்கி அறைந்தார்கள். கண்ணாடி அதிர்ந்தது. அவள் கண்களை மூடித் திறந்தாள். கணவரைத் தன் வாயாலேயே தெருவில் நிறுத்திவிட்டாள். பாதி உண்மை சொல்லியாயிற்று. மீதிப் பாதி வண்டியின் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்தினால், பிடித்துக்கொண்டு போகப்படுபவர் ஒருவராகவே இருப்பார்.

"அவர் தானாத் திறக்கலை. திறக்கச் சொன்னது..."

பின்கண்ணாடியில் தம்பியின் முகம். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அக்கா என்ற சொல்லை அவள் உதட்டின் வடிவிலேயே படித்தாள். சிறு வயதில் இருட்டைக் கண்டு பயந்து அவள் முந்தானையைப் பிடித்த அதே முகம். கம்பி அவன் பிடியில் விறைத்தது.

கூட்டம் காத்திருந்தது. மைக் திறந்தே இருந்தது.

"அம்மா."

மகள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளிறி, நெற்றியில் வேர்வை முத்து முத்தாய் நின்றது.

"அம்மா, வயிறு வலிக்குது. ரொம்ப வலிக்குது."

அந்தச் சின்னக் குரல் இரண்டு கூம்புகளின் வழியாகக் கீழ்த்தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போயிற்று. அறைந்துகொண்டிருந்த கை நின்றது. இரைச்சல் அடங்கியது. மாமனின் பிடியிலிருந்து கம்பி நழுவி விழுந்தது.

அடுத்த கணம், கடைசி வீட்டிலிருந்து ஒரு தாய் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எதிர்வீட்டிலிருந்து இன்னொருத்தி கூப்பிட்டாள். பிறகு தெரு முழுவதும் பெயர்கள். பள்ளிக்கூடத்தை நோக்கிக் கூட்டம் ஓடத் தொடங்கியது.